அடைத்துக்கொள்ளும் அறுவடை

நடுவயலில் மூச்சுத் திணறும் பழைய இயந்திரங்கள்: பழி வயதின் மீது, கோளாறு வேறெங்கோ

ஸ்ரீகாளஹஸ்தியிலிருந்து நாயுடுபேட்டை செல்லும் சாலையோரம் நெல் முற்றிவிட்டால் விவசாயிகளிடம் ஒரே கேள்விதான்: மிஷின் எப்போது வரும்? தெலுங்கில் அது ‘கோத மிஷின்’. புத்தூர், நகரி, சத்தியவேடு பக்கத்துத் தமிழில் அறுப்பு மிஷின். அரிவாளோடு வரும் ஆட்கள் அரிதாகிவிட்ட திருப்பதி, சித்தூர் மாவட்டங்களில் இந்த வண்டி வராமல் நெல் களம் சேர்வது கடினம். வருவதும் எப்போதும் புது வண்டியாக இருப்பதில்லை. இரண்டு மூன்று கை மாறி, பெயின்ட் உதிர்ந்து, வெல்டிங் தழும்புகளோடு வருபவையும் உண்டு.

அப்படி வந்த வண்டி அரை ஏக்கர் அறுத்திருக்கும். திடீரென்று இன்ஜின் சத்தம் கம்மும், ரப்பர் கருகும் வாசனை வரும், வண்டி நின்றுவிடும். உள்ளே டிரம்மில் வைக்கோல் அடைத்துக்கொண்டது. ஓட்டுநர் ஒரு பக்கம் குதிக்கிறார், உதவியாள் மறுபக்கம் ஓடுகிறார், வயல்காரர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். காரணம், வாடகை மணிக்கணக்கில். அடைப்பு எடுக்கும் நேரம் யார் கணக்கு என்பது வரப்புகளில் தீராத வழக்கு. வானமும் பொறுத்திருப்பதில்லை. 2022 டிசம்பரில் மாண்டஸ், 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் புயல்கள் இந்தப் பகுதியை நனைத்துவிட்டுப் போயின. மழையில் சாய்ந்த நெல்லும் ஈர வைக்கோலும் பழைய மிஷினுக்கு எமன்.

சித்தூர் பகுதி நிலக்கடலைக்குப் பேர்போனது. கடலையைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். இந்த வண்டிக்கு அங்கே வேலையில்லை. ஆனால் ஏரிப் பாசனத்திலும் கிணற்றடியிலும் நெல் விளைகிறது. பாபட்லாவில் உருவாகி, தமிழ்நாட்டுக் கடைகளில் ‘ஆந்திரா பொன்னி’ என்று விற்கும் பி.பி.டி. 5204 இங்கே பழகிய ரகம். அதை அறுக்கும் வண்டிகளின் பூர்வீகம் பஞ்சாப். 1980-ல் பஞ்சாப் டிராக்டர்ஸ் நிறுவனம் ஸ்வராஜ் 8100-ஐக் கொண்டுவந்தது. சேற்றில் இறங்க, டயருக்குப் பதில் செயின் பூட்டிய வண்டிகளும் பிறகு வந்தன.

இன்ஜின் தேய்ந்துவிட்டது, வண்டிக்கு வயதாகிவிட்டது என்பதுதான் அடைப்புக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். பாதி உண்மைகூட இல்லை. அடைப்புக்குப் பெரிய காரணம் ஓட்டுநரின் கைப்பழக்கம். ஈரமான இடமோ, பயிர் அடர்ந்த இடமோ வந்ததும் அவர் கை தானாகவே ஆக்ஸிலேட்டரைக் குறைக்கிறது. சாலையில் அது சரி. வயலில் அதுதான் வினை. பழைய வண்டிகளில் சக்கரத்தையும் டிரம்மையும் சுழற்றுவது ஒரே இன்ஜின். ஆக்ஸிலேட்டரைக் குறைத்தால் வண்டியோடு சேர்ந்து டிரம்மும் தளரும். ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்ட வைக்கோலை வெளியே தள்ள அதற்கு வலுவிருக்காது. இன்ஜின் வேகத்தைக் குறைக்காமல் கியரை மட்டும் இறக்கி, வண்டியை மெதுவாக விட வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் கத்தியின் முழு அகலத்துக்கும் பயிரைக் கொடுக்காமல் பாதி அகலம் மட்டும் அறுக்கலாம். கத்தியைச் சற்று உயர்த்தி, தாளை வயலிலேயே விட்டுவிட்டுக் கதிரை மட்டும் வாங்கலாம். சாய்ந்த பயிரை, அது சாய்ந்திருக்கும் திசைக்கு எதிராக வந்து அறுப்பது நல்லது. நேரம் கூடும்தான், டிரம்மைத் திறந்து தோண்டும் நேரத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை.

எங்கே அடைக்கிறது என்பதே பாதி நோயைச் சொல்லிவிடும். முன்னால் கத்தியிலேயே பயிர் குவிந்தால் பிளேடு மழுங்கியிருக்கிறது, அல்லது விரல்களுக்கு நடுவே சரியாக வந்து நிற்கவில்லை. மழுங்கிய பிளேடு பயிரை அறுக்காது, வேரோடு பிடுங்கும். சேறும் சேர்ந்து உள்ளே போகும். அறுத்த பயிர் டிரம்முக்கு ஏறும் வழியில் நின்றால் ஃபீடர் செயின் தொய்ந்திருக்கும், அல்லது அதன் குறுக்குப் பட்டைகள் வளைந்திருக்கும். டிரம்மிலேயே அடைத்தால் முதலில் பார்க்க வேண்டியது பெல்ட்டை. இழுவை தளர்ந்து கண்ணாடிபோல் வழவழப்பாகிவிட்ட பெல்ட், சுமை ஏறியதும் புல்லியில் வழுக்கும். அந்தக் கருகல் வாசனை அதுதான். பெல்ட் நன்றாக இருந்தும் அடைத்தால், டிரம்முக்கும் அதன் கீழே வளைந்திருக்கும் கான்கேவ் கம்பிகளுக்கும் உள்ள இடைவெளி ஈர வைக்கோலுக்குப் போதவில்லை என்று பொருள். கோரைப்புல் மண்டிய வயலில் இவை எல்லாம் ஒன்றாக வரும்.

இது நெல்லுக்கு மட்டும் வந்த நோயுமல்ல. மத்தியப் பிரதேசத்து சோயாபீன் வயல்களில் காய் காய்ந்து கலகலத்தாலும் தண்டு பச்சையாகவே நிற்பதுண்டு. நார் உரியாத அந்தத் தண்டு டிரம்மைச் சுற்றிக்கொள்ளும். நெல்லுக்கு ஓட்டுவதுபோல வேகமாகவும் ஓட்ட முடியாது. சோயா மணி இரண்டாகப் பிளந்துவிடும். வேகத்தைக் குறைத்தால் அடைப்பு, கூட்டினால் உடைசல். நெல்காரர்கள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள்.

அடைத்த பிறகு நடப்பதுதான் பயங்கரம். இன்ஜினை நிறுத்தினால் மறுபடி கிளப்பச் சிரமம் என்று, ஓடும் வண்டியிலேயே கைவிட்டு வைக்கோலை இழுப்பவர்கள் உண்டு. சிக்கல் விட்ட நொடியில் டிரம் சுழன்றுவிடும். புத்தூர் கட்டு முறிந்த எலும்பைச் சேர்க்கலாம், போன விரலைச் சேர்க்காது. கதிரடிக்கும் இயந்திரங்களில் கைகளைப் பறிகொடுத்தவர்கள் பெருகியதால்தான் 1983-ல் நாடாளுமன்றம் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்ட பிறகே திறக்க வேண்டும். கான்கேவைத் தளர்த்தி, டிரம் புல்லியில் நீண்ட ஸ்பானரை மாட்டிப் பின்புறமாகச் சுழற்றினால் வைக்கோல் வந்த வழியே திரும்பும். முறுக்கிக்கொண்டதை இழுக்கக் கூடாது, கத்தியால் அறுத்தெடுக்க வேண்டும்.

இதையெல்லாம் முறையாகச் சொல்லித்தர ஆந்திரத்திலேயே இடமிருக்கிறது. அனந்தபுரம் மாவட்டம் கார்லதின்னேயில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் இயங்குகிறது. ஆனால் பழைய வண்டியின் ஓட்டுநர், முன்னாள் ஓட்டுநருக்கு உதவியாளாக இருந்து தொழில் கற்றவர். சரியான பழக்கமும் தவறான பழக்கமும் அப்படித்தான் கைமாறுகின்றன.

அவசரத்துக்கு வயல்காரரும் பொறுப்பு. முன்பதிவு தவறிவிடுமோ என்று விடியற்காலையிலேயே வண்டியை இறக்கச் சொல்கிறார். பனி காயாத கதிர் டிரம்மை அடைப்பதோடு நிற்காது. அரசுக் கொள்முதலில் நெல்லின் ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்காக மறுபடி களத்தில் காயவைக்க வேண்டிவரும். பனி காயக் காத்திருக்கும் அந்த இரண்டு மூன்று மணி நேரம், பிளேடைத் தீட்டவும் பெல்ட்டை இழுத்துக் கட்டவும் முந்தைய நாள் வைக்கோலை அறுத்தெறியவும் தாராளமாகப் போதும்.