பைல் கொண்டுபோகாத பயணங்கள்

எமது பெண்களில் பலர் நாட்டின் பாதியைப் பார்த்தவர்கள். 1995 இல் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு, 1996 இல் கிளாலி கடந்து வன்னிக்கு, வன்னிக்குள்ளே ஊர் ஊராக, 2009 இல் செட்டிகுளத்து முகாமுக்கு. அதன் பிறகும் பயணம் நிற்கவில்லை. தடுப்பில் இருந்தவரைப் பார்க்கப் பூசாவுக்கு, காணாமல் ஆக்கப்பட்டவருக்காக ஆணைக்குழுவுக்கு, பிள்ளையின் உடம்பில் கிடந்த செல் துண்டுக்காகப் பெரியாஸ்பத்திரிக்கு. ஒவ்வொரு பயணத்திலும் கையில் ஒரு பைல். அதற்குள் அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, ஒரு படம்.

இவ்வளவு தூரம் போய்வந்த ஒருவரிடம் "சும்மா பார்த்துவிட்டு வர எங்கேயாவது போனீர்களா?" என்று கேட்டால் சிரிப்புத்தான் பதிலாக வரும். அந்தப் பைலை வீட்டில் வைத்துவிட்டு, காலையில் போய் மாலையில் திரும்பும் பயணங்களைப் பற்றியே இங்கே பேசப் போகிறோம். வருடத்தில் நாலைந்து நாட்கள் போதும். அவற்றுள் ஒன்று இரண்டு இரவு தங்கி வருவதாக இருந்தால் இன்னும் நல்லது.

"நேரம் வரட்டும், பார்ப்போம்" என்றால் அந்த நேரம் ஒருநாளும் வராது. பிள்ளையின் சோதனை, மாமியின் வருத்தம், கூலி வேலை, கோழிக்கூடு என்று ஏதாவது ஒன்று குறுக்கே நிற்கும். ஆகவே வருடத் தொடக்கத்திலேயே கலண்டரை விரித்து நாட்களைக் குறித்துவிட வேண்டும். திகதி குறித்தால்தான் காசு சேரும். வீட்டிலுள்ளோரும் முன்கூட்டியே பழகிக்கொள்வார்கள்.

காசைப் பற்றி முதலில் பேசுவோம். சீட்டுக் கட்டத் தெரியாத பெண் எங்கள் ஊர்களில் இல்லை. மாதர் சங்கத்திலோ தையல் வகுப்பிலோ பன்னிரண்டு பேர் சேர்ந்து, ஆளுக்குக் கிழமைக்கு 100 ரூபா போட்டால் 52 கிழமையில் ஒருவருக்கு 5,200 ரூபா. பன்னிரண்டு பேருக்கு 62,400 ரூபா. 100 இயலாதென்றால் 50 ஆக வைத்துக்கொண்டு, வானுக்குப் பதிலாகப் பஸ்ஸில் போகலாம். ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: நுண்கடன் எடுத்துப் பயணம் போவது வேண்டவே வேண்டாம். கிழமைக் கட்டுக்காரன் வாசலில் நிற்கும்போது கடற்கரையில் உட்கார்ந்ததன் சுகம் ஒரு நொடியில் போய்விடும்.

வான் பிடிப்பதானால் வாடகை கிலோமீற்றர் கணக்கா, நாட்கணக்கா, சாரதியின் சாப்பாடு யாருடையது, காத்து நிற்பதற்கு வேறாகக் கேட்பாரா என்பவற்றை முதல்நாளே பேசி எழுதிக்கொள்ளுங்கள். யாருக்கும் தெரியாத சாரதியை அமர்த்தவேண்டாம். உங்களில் ஒருவருடைய வீட்டாருக்காவது பழக்கமானவராக இருக்கட்டும்.

அடுத்தது ஊர் வாய். "புருஷன் இல்லாதவள் ஊர் சுத்துறாள்" என்று சொல்ல யாரோ ஒருவர் எப்போதும் இருப்பார். அதே வாய் அவள் கச்சேரி வாசலில் நாள் முழுக்க நிற்கும்போது ஒன்றும் சொல்வதில்லை. இதற்கு மறுமொழி சொல்லிக் களைக்காமல், கூட்டமாகப் போவதே நல்ல வழி. மாமியையும், பேச்சுக்குப் பேர்போன அந்த அயலக்காவையும் கூட்டிக்கொண்டு போனால் பாதிப் பேச்சு அங்கேயே முடியும். கணவர் எங்கே என்று தெரியாமல் இன்னும் தேடிக்கொண்டிருக்கும் தங்கச்சிமாருக்கு உள்ளுக்குள்ளேயே ஒரு தடை இருக்கும். தான் சிரித்தால் அவரை மறந்துவிட்டதாகிவிடுமோ என்ற பயம். அவர்களை வற்புறுத்தக்கூடாது. இடத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் வைத்திருங்கள். இந்த முறை வராதவர் அடுத்த முறை வரக்கூடும்.

இனி மாதங்கள். நாம் கிளிநொச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

தை பொங்கி முடிந்தபின் முதற் பயணம் மிகக் கிட்டியதாக இருக்கட்டும். மாரி மழையில் நிறைந்த இரணைமடுக் குளத்தின் கட்டில் ஏறி நின்றால் காற்று முகத்தில் அடிக்கும். கட்டுச்சோற்றை அங்கே சாப்பிட்டு, திரும்பும் வழியில் முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, வரிசையாக இருக்கும் பெண்களிடம் கச்சான் வாங்கிக்கொண்டு இருட்ட முன்னர் வீடு வந்துவிடலாம். அரை நாள்தான். ஆனால் காசு எப்படிச் செலவாகிறது, யாருக்கு வாகனத்தில் சத்தி வரும், யாருக்கு அடிக்கடி மலசலகூடம் தேவை என்பதெல்லாம் இந்த அரை நாளில் தெரிந்துவிடும்.

மாசியில் பெரும்போக நெல் வெட்டு. கூலிக்குப் போகிறவர்களுக்கு விடமுடியாத மாதம். பங்குனியில் கடல் அமைதியாக இருக்கும். நெடுந்தீவுக்கு அதுவே நல்ல காலம். வைகாசிக்குப் பின் சோளகம் எழுந்துவிட்டால் அந்தப் படகுப் பயணம் வயிற்றைப் புரட்டும். குறிகட்டுவானிலிருந்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் கடலில் போக வேண்டும். தீவில் இறங்கினால் வேலியெல்லாம் முருகைக்கல். ஒல்லாந்தர் குதிரை வளர்த்த தீவு இது. அந்தக் குதிரைகளின் வழிவந்தவை இன்றும் வெளியிலே தம் பாட்டில் திரிகின்றன. உள்ளே ஆள் நுழையக்கூடிய பொந்துள்ள பெருக்கு மரத்தைப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். நிழல் குறைவு, நல்ல தண்ணீர் அதைவிடக் குறைவு. ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீரும் ஒரு குடையும் கட்டாயம். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைக் கேட்காமல் தீவுக்குள் போகாதீர்கள். நேரம் அடிக்கடி மாறும். அன்று துறையில் சொல்லும் நேரமே நேரம்.

சித்திரை வெயிலுக்குக் கீரிமலை. இங்கே நாம் எத்தனையோ தடவை போயிருப்போம்: சாம்பல் கரைக்க, ஆடி அமாவாசைக்குத் தகப்பனை நினைத்து, சித்திராப் பூரணைக்குத் தாயை நினைத்து. அந்தத் தண்ணீரில் அழாமல் இறங்கியவர் நம்மில் எத்தனை பேர்? கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீராக ஊறும் கேணி அது. பெண்களுக்கு மறைவாகத் தனிக் கேணி உண்டு. விரதமோ திதியோ இல்லாத ஒரு சாதாரண நாளில், மாற்றுடுப்பும் சவர்க்காரமும் எடுத்துக்கொண்டு, குளிப்பதற்காகவே ஒருமுறை போய்ப் பாருங்கள். 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய அக்காமார் கூட வந்தால், எந்த ஒழுங்கைக்குள் யாருடைய வீடு இருந்தது என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். அதைக் கேட்கவும் நேரம் ஒதுக்குங்கள்.

மே மாதத்தை நான் கலண்டரில் வெறுமையாகவே விடுவேன். விளக்கம் தேவையில்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்கு நேர்த்தி வைத்தவர்கள் போகட்டும். அது வழிபாடு, அதைச் சுற்றுலாவோடு கலக்க வேண்டாம். பொதுவாகவே எந்தப் பயணத்திலும் வாகனம் எந்த வீதியால் போகும் என்பதை முதலிலேயே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். திடீரென்று நந்திக்கடலைக் கண்டால் ஒருவருக்கு நெஞ்சு அடைக்கும். இன்னொருவர் அங்கே இறங்கி நிற்க விரும்புவார். முன்கூட்டித் தெரிந்தால் இருவருமே தங்களை ஆயத்தப்படுத்திக்கொள்வார்கள். கடலுக்கும் இது பொருந்தும். 2004 டிசம்பர் 26 இற்குப் பின் அலைக்குக் கிட்டப் போகாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களோடு ஒருவர் மரநிழலில் இருந்து சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளட்டும்.

கடற்கரையில் இன்னொரு தொல்லை குடித்துவிட்டு வரும் ஆண்கள். காரைநகர் கசூரினா ஆழம் குறைந்த கடல், பிள்ளைகளுக்கு ஏற்றது. ஆனால் விடுமுறை நாட்களில் சில கூட்டங்களைப் பார்த்தால் திரும்பிவிடத் தோன்றும். இதற்கு ஒரு உபாயம் உண்டு. போயா நாட்களில் நாடு முழுவதும் மதுபானக் கடைகள் பூட்டு. முதல்நாளே வாங்கி வைப்பவனை யார் தடுப்பது என்று கேட்பீர்கள். உண்மைதான், என்றாலும் தொல்லை குறையும். சனமும் பஸ் நெரிசலும் கூடும் என்பதால் விடியவே போய் மதியத்துக்குள் திரும்புவது புத்தி.

ஆனியில் நயினாதீவுத் திருவிழா. படகுப் பயணம் குறுகியது, ஆனால் சனம் அள்ளும். கூட்டம் விரும்பாதவர்கள் திருவிழா முடிந்தபின் போகலாம். கோயிலுக்குள் போகமுடியாத நாளாகிவிட்டால் ஒருவர் வராமல் விடத் தேவையில்லை. தீவைச் சுற்றிப் பார்க்கலாம். திகதி குறிக்கும்போது இதையும் பெண்களுக்குள் வெளிப்படையாகப் பேசுவது நல்லது.

இரண்டு இரவுப் பயணத்தை ஆவணிப் பாடசாலை விடுமுறைக்கு வைத்தால் திருகோணமலை பொருந்தும். எங்கள் பக்கம் சோளகம் வீசும் அந்நாட்களில் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். கோணேசர் கோயில், கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள், நிலாவெளிக் கரை. ஒவ்வொரு கிணற்றிலும் சூடு வேறு வேறு என்று கை வைத்துப் பார்ப்பதே பிள்ளைகளுக்கு விளையாட்டு. தங்குமிடத்தை முன்பே பேசிக்கொள்ளுங்கள். பெண்கள் மட்டும் வருகிறோம் என்று சொல்லி, எல்லோருக்கும் ஒரே மாடியில் அறை கேளுங்கள். கதவின் உட்தாழ்ப்பாள் சரியா என்று பார்த்தபின் பையை வையுங்கள். அடையாள அட்டை எல்லோரிடமும் இருக்கட்டும். பைல் வேண்டாம் என்றேன், அட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை.

புரட்டாசியில் வல்லிபுரக் கோயிலும் மணற்காடும். மணல்மேட்டுக்குள் புதைந்து கிடக்கும் பழைய அந்தோனியார் தேவாலயச் சுவர்களையும் சவுக்கங்காட்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். ஐப்பசிக்குப் பின் மழை. 2018 டிசம்பரில் இரணைமடுக் கதவுகள் திறந்தபோது வன்னி பட்ட பாடு நினைவிருக்கும்; மாரியில் தூரப் பயணம் வேண்டாம். யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் அந்த மாதங்களில் ஒருநாள் பொது நூலகத்துக்குப் போகலாம். 1981 இல் எரிக்கப்பட்டுத் திருத்தி எழுப்பப்பட்ட அந்தக் கட்டடத்துக்குள் ஒருநாளும் கால் வைக்காத நகரத்துப் பெண்கள் இருக்கிறார்கள். பிறகு ஒரு ஐஸ்கிறீம். மழையில் ஐஸ்கிறீமா என்று அம்மம்மா ஏசுவார். அவருக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

செயற்கைக்கால் போட்டவர்களும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் நம் கூட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களை வைத்தே இடத்தைத் தெரிவு செய்யுங்கள். கடல்நீரும் மணலும் செயற்கைக்காலுக்கு ஆகா. கழற்றிப் பொலித்தீன் பைக்குள் சுற்றி வைத்துவிட்டு, இருவர் தோள்கொடுத்தால் அவரும் அலையில் உட்காரலாம். மணலில் சக்கரம் புதையும், ஆகையால் இரண்டு பலகையை வானில் போட்டுக்கொண்டு போங்கள். படகில் ஏற்றுவது கடினமென்றால் அந்த வருடம் நெடுந்தீவை விட்டு இரணைமடுவுக்கு இரண்டாம் முறையும் போகலாம்.

தெரியாத பற்றைக்குள் ஒதுங்கப் போகவேண்டாம். மிதிவெடி முழுதாக அகற்றப்படாத நிலங்கள் இன்னும் உள்ளன. சிவப்புப் பலகை கண்டால் அப்பால் ஒரு அடியும் வைக்காதீர்கள். மலசலகூடம் எங்கே என்று முதலிலேயே விசாரித்து, அந்த இடங்களில் வாகனத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.

போய்வந்த அடுத்த கிழமைக் கூட்டத்தில் கணக்கை எல்லோர் முன்னும் வாசித்து, மிஞ்சியதை அதே கொப்பியில் எழுதி வையுங்கள். காசு கட்ட முடியாமல் நின்றுபோன ஒருவரை அடுத்த பயணத்துக்கு ஏற்றிக்கொள்ள அது உதவும். அடுத்த போயா எப்போது என்றும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.