ஏரிக்கரைத் தெருவில் ஏரி எங்கே? 1950-களின் வரைபடம் சொல்லும் ஊர்க்கதை

உங்க தெருவின் பெயர் 'ஏரிக்கரைத் தெரு'. ஆனால் ஏரி எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பக்கத்து ஊர் பெயர் 'தாங்கல்' என்று முடிகிறது. தாங்கல் என்றால் சிறிய ஏரி. அதுவும் கண்ணில் படவில்லை. இப்படி ஒரு சந்தேகம் உங்களுக்கும் வந்திருக்கிறதா? அதைத் தீர்த்துக்கொள்ள ஒரு எளிய வழி இருக்கிறது. சுமார் 70 ஆண்டுகளுக்கு முந்தைய வரைபடத்தை எடுத்து, இன்றைய வரைபடத்தின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான்.

எனக்கு இந்த ஆர்வம் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பர் மழையின்போது நாங்கள் வேளச்சேரியில் வாடகைக்குக் குடியிருந்தோம். அப்போது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தபோது எதிர்வீட்டுத் தாத்தா சொன்னார்: "இது புதுசா வர்ற தண்ணி இல்ல கண்ணு. மேற்கே ஏரி ரொம்பினா இந்தப் பக்கமாத்தான் கழுவெளிக்குப் போகும்." அன்றைக்கு அது புரியவில்லை. கல்லூரியில் ஒரு பாடத்துக்காகப் பழைய வரைபடம் ஒன்றைப் பார்த்தபோதுதான் அவர் சொன்ன ஏரி, கால்வாய், கழுவெளி மூன்றையும் ஒரே தாளில் பார்த்தேன்.

அந்த வேளச்சேரியையும், அது அன்று இருந்த செங்கல்பட்டு மாவட்டத்தையும் உதாரணமாக வைத்துக்கொண்டு, பழைய வரைபடத்தை எப்படித் தேடுவது, எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். உங்கள் மாவட்டம் எதுவானாலும் முறை ஒன்றுதான்.

முதலில் மாவட்டத்தைக் கண்டுபிடியுங்க

இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் பலரும் முதலில் தடுமாறுவது இங்கேதான். 1950-களின் வரைபடத்தில் வேளச்சேரியைச் சென்னை மாவட்டத்தில் தேடினால் கிடைக்காது. அது அப்போது செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை வட்டம். மாவட்டத்தின் பெயர் செங்கல்பட்டு என்றாலும், 1859 முதல் 1968 வரை அதன் தலைமையிடம் சைதாப்பேட்டைதான். பிறகு காஞ்சிபுரத்துக்கு மாறியது. 1997-ல் மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டானது. 2018-ல் சென்னை மாவட்டம் விரிவாக்கப்பட்டபோது சோழிங்கநல்லூர் உள்ளிட்ட வட்டங்கள் சென்னைக்கு வந்தன. 2019-ல் செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமானது.

ஆக, பள்ளிக்கரணையில் இருக்கும் ஒரே துண்டு நிலம் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், சென்னை என்று மூன்று மாவட்டப் பெயர்களைப் பார்த்திருக்கிறது. திருத்தணிக்காரர்களுக்கு இன்னும் ஒரு படி கூடுதல். 1960 ஏப்ரல் 1-ம் தேதிக்கு முந்தைய ஆவணம் வேண்டுமென்றால், இன்று ஆந்திராவில் இருக்கும் சித்தூர் மாவட்டத்தின் பெயரில் தேட வேண்டும். அதனால் ஒரு தாளில் உங்கள் ஊரின் பழைய வட்டம், பழைய மாவட்டம் இரண்டையும் முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இது நேரத்தை மிச்சப்படுத்தும்.

மூன்று வகை வரைபடங்கள்

ஒன்று, பெரிய பரப்பைக் காட்டும் வரைபடம். அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு 1950-களில் இந்தியா முழுமைக்கும் 1:2,50,000 அளவில் ஒரு தொடரை அச்சிட்டது. இதன் பெயர் யு-502 தொடர். டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இதை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மாவட்டத்தின் பெரிய ஏரிகள், ஆறுகள், ரயில் பாதை, பெரிய சாலைகள் இதில் தெரியும்.

இரண்டு, இந்திய நில அளவைத் துறையின் 'டோப்போ ஷீட்'. மைல் கணக்கு இருந்த காலத்தில் தரையில் ஒரு மைல் என்பது தாளில் ஒரு அங்குலம். மெட்ரிக் முறை வந்தபின் இது 1:50,000 ஆனது. ஒவ்வொரு தாளுக்கும் ஓர் எண் உண்டு. வேளச்சேரி, பள்ளிக்கரணை, தாம்பரம் பகுதிகள் 66 டி/1 என்ற தாளில் வரும். இன்றைய தாள்களை நில அளவைத் துறையின் இணையதளத்தில் பதிவு செய்து பெறலாம். பழைய தாள்களுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும், பல்கலைக்கழகங்களின் புவியியல் துறைகளிலும் கேட்டுப் பாருங்கள்.

மூன்று, நம்ம வருவாய்க் கிராம வரைபடம். சர்வே எண் வாரியாக ஒவ்வொரு நிலமும், ஏரியும், வாய்க்காலும், பாதையும் இதில் இருக்கும். ஒரே ஒரு சர்வே எண்ணை மட்டும் அளவுகளோடு காட்டுவது புலப்படம். கிராம வரைபடங்களுக்குச் சேப்பாக்கத்தில் உள்ள மத்திய நில அளவை அலுவலகத்தை அணுகலாம். உங்கள் ஊர் பழைய ஜமீன் கிராமமா? 1948-ம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு அரசு ஏற்றுக்கொண்ட கிராமங்களில் நில அளவையும் நிலவரித் திட்டமும் நடந்தன. ஆகவே பல ஜமீன் ஊர்களுக்கு 1950-களின் ஆவணமே முக்கியமான தொடக்கப் புள்ளி.

வரைபடத்தைப் படிப்பது எப்படி?

தாள் கைக்கு வந்ததும் நம் வீட்டைத் தேட ஆரம்பித்துவிடுவோம். கொஞ்சம் பொறுங்க. முதலில் ஓரத்தில் இருக்கும் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். அச்சிட்ட ஆண்டு ஒன்றாகவும், தரையில் அளந்த ஆண்டு வேறாகவும் இருக்கும். 1955-ல் அச்சான தாள் பல ஆண்டுகளுக்கு முன் அளந்த விவரத்தைக் காட்டலாம். நாம் பார்ப்பது எந்த ஆண்டின் ஊர் என்பதை அளந்த ஆண்டுதான் சொல்லும்.

அடுத்தது ஏரியின் வடிவம். நம்ம ஊர் ஏரி வட்டமாக இருக்காது, வில் மாதிரி இருக்கும். ஒரு பக்கம் தடித்த வளைகோடு, அதுதான் கரை. தண்ணீர் வந்து சேரும் மறுபக்கத்துக்குக் கரை கிடையாது. கரை எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கம்தான் பள்ளம். செங்கல்பட்டு மாவட்டத்தில் நிலம் கடலை நோக்கிச் சரிவதால் கரை பெரும்பாலும் கிழக்கே இருக்கும். டோப்போ ஷீட்டில் கரையின் அருகே ஓர் எண்ணும், பக்கத்தில் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தும் இருந்தால், அது கரையின் உயரம். பழைய தாளில் அடியிலும் புதிய தாளில் மீட்டரிலும் இருக்கும்.

பிறகு ஏரிகளுக்கு இடையே ஓடும் மெல்லிய கோடுகளைப் பாருங்கள். ஒரு ஏரியின் கலங்கலில் வழியும் தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகும் வழி அது. வேளச்சேரி பக்கம் இந்தச் சங்கிலியை இன்றும் தொட்டுப் பார்க்கலாம். ஆதம்பாக்கம் ஏரியின் உபரிநீர் வீராங்கால் ஓடை வழியாகப் பள்ளிக்கரணைக்குப் போகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய், கடைசியில் கோவளம் முகத்துவாரம், கடல். பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் கழுவெளி. 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்று உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. எங்க எதிர்வீட்டுத் தாத்தா ஒரே வரியில் சொன்னது இந்த வழியைத்தான்.

இன்னொரு அடையாளம், சிறிய முக்கோணம். அது முக்கோண அளவை நிலையம். 1802-ல் வில்லியம் லாம்டன் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கியபோது, முதல் அடிக்கோட்டை பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையேதான் அளந்தார். சுமார் ஏழரை மைல் நீளம். நாடு முழுமையையும் அளக்க உதவிய கோடு இந்தச் சதுப்பு நிலத்தின் ஓரமாகத்தான் போனது என்பது நம்ம பகுதிக்குப் பெருமையான விஷயம்.

பழசும் புதுசும் பொருந்துமா?

பொருத்திப் பார்க்கலாம். ஸ்கேன் செய்த வரைபடத்தை கூகுள் எர்த்தில் மேலடுக்காக வைக்கலாம். கொஞ்சம் பழகினால் க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் இன்னும் துல்லியமாகச் செய்யலாம். இரண்டு வரைபடங்களையும் இணைக்க இடம் மாறாத புள்ளிகள் நான்கைந்து வேண்டும். பழைய கோயில், தேவாலயம், மலை உச்சி, ரயில் சந்திப்பு போன்றவை சரியாக இருக்கும். ஆற்றங்கரை, சாலை வளைவு வேண்டாம், அவை நகர்ந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. 1:2,50,000 வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 250 மீட்டர். ஒரு அங்குலத் தாளில் அதே ஒரு மில்லிமீட்டர் சுமார் 63 மீட்டர். பென்சில் கோட்டின் தடிமனுக்குள் ஒரு தெருவே அடங்கிவிடும். "என் வீடு ஏரிக்குள்ளதான் இருக்கு" என்று இந்த வரைபடத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. இந்தப் பகுதியில் ஏரி இருந்தது, தண்ணீர் இந்தத் திசையில் போனது என்பது வரைக்கும் சொல்லலாம். அதற்கு மேல் கிராம வரைபடமும் புலப்படமும் வேண்டும்.

வரைபடத்தோடு ஒருநாள் காலையில் நடந்து பாருங்கள். சென்னையில் வள்ளுவர் கோட்டத்தைச் சுற்றி நடந்தால் 'டேங்க் பண்ட் ரோடு', 'லேக் ஏரியா' என்ற பெயர்ப் பலகைகள் தெரியும். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடம் அது. 1976-ல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் அந்த ஏரி நிலத்தில்தான் நிற்கிறது. ஏரி போய்விட்டாலும் பெயர் நிற்கிறது. உங்க ஊரிலும் மதகுத் தெரு, மந்தைவெளி, தோப்புத் தெரு என்று ஏதாவது இருக்கும். பெரியவர்களிடம் "கலங்கல் எங்கே இருந்தது?", "பெருமழைக்குத் தண்ணி எந்தப் பக்கம் வரும்?" என்று கேட்டு, வரைபடத்திலேயே குறித்து வையுங்கள். அவர்கள் சொல்வது எந்தத் தாளிலும் இருக்காது.

மனை வாங்கும் முன் இதைச் செய்யுங்க

ஊர் வரலாறு தெரிந்துகொள்வது ஒரு பயன். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி மனை வாங்குபவருக்கு இதே வரைபடம் ஒரு முன்னெச்சரிக்கையும்கூட. ஆனால் பழைய வரைபடம் உரிமை ஆவணம் கிடையாது. சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியவை:

1. 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையவழிச் சேவையில் அந்த சர்வே எண்ணின் பட்டா, அ-பதிவேடு, புலப்படம் ஆகியவற்றைப் பாருங்கள். புறம்போக்கு நிலமா என்று சரிபார்க்கும் வசதியும் அதே தளத்தில் உண்டு.

2. சர்வே எண் மாறியிருக்கலாம். 1979-ல் தொடங்கிய யுடிஆர் திட்டத்துக்குப் பிறகு பல கிராமங்களில் புதிய உட்பிரிவுகள் வந்தன. நகரப் பகுதியில் வார்டு, பிளாக், நகர சர்வே எண் என்று இருக்கும். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள தொடர்பை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

3. பக்கத்து சர்வே எண்களையும் பாருங்கள். உங்கள் மனை பட்டா நிலமாக இருந்து, அடுத்த எண் வாய்க்கால் புறம்போக்காக இருந்தால், மழைக்காலத்தில் தண்ணீர் அங்கே தேடி வரும்.

4. வில்லங்கச் சான்று கட்டாயம் எடுங்கள். அதில் பத்திரப் பதிவுகள் தெரியும், நிலத்தின் வகைப்பாடு தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழு விவரம் கிடைக்கும்.

5. ஆவணம் கிடைக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். கிராமத்தின் பெயர், சர்வே எண், எந்த ஆண்டு என்பதைத் தெளிவாக எழுதுங்கள்.

ஊருக்கு என்ன லாபம்?

நீங்கள் தேடி எடுத்த வரைபடத்தை உங்கள் அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். ஒரு பெரிய பிரதி எடுத்து ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ மாட்டச் சொல்லுங்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று நடக்கும் கிராம சபைக்கு அதை எடுத்துக்கொண்டு போங்கள். "எங்க ஊர் ஏரிக்குத் தண்ணி வரல" என்று சொல்வதைவிட, "இந்த சர்வே எண்ணில் இருக்கும் வரத்துக்கால்வாய் இந்த இடத்தில் தூர்ந்திருக்கிறது" என்று கை வைத்துக் காட்டுவது எளிதில் தீர்மானமாகும். ஏரிகளின் எல்லையை அளந்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமும் நமக்கு இருக்கிறது.

வேளச்சேரியை விட்டு வந்த பிறகு, என் வீட்டார் வேறு இடத்தில் மனை பார்க்கப் போனார்கள். நான் முதலில் கேட்டது விலையை அல்ல, சர்வே எண்ணை. புலப்படத்தில் மனைக்கு இரண்டு எண் தள்ளி ஒரு வாய்க்கால் இருந்தது. நேரில் போய்ப் பார்த்தோம், வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது, கரையும் நன்றாக இருந்தது. அதன் பிறகுதான் அம்மா முன்பணம் கொடுக்கச் சம்மதித்தார்.