உங்களுக்குத் தெரியுமா? ஈர மண்ணில் ஜாக்கி ஏன் புதைகிறது?

1,000 கிலோ எடையுள்ள காரின் முன்பக்க மூலை ஒன்றைத் தூக்கும்போது ஜாக்கியின் மேல் ஏறத்தாழ 300 கிலோ பாரம் விழும். ஜாக்கியின் அடித்தட்டு 10 சென்டிமீட்டர் சதுரம் என்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மண்ணும் 3 கிலோவைத் தாங்க வேண்டும். மழையில் ஊறிய மண்ணால் அது முடியாது. ஒரு பக்கம் மட்டும் புதைந்து ஜாக்கி சாயும், கார் சரியும்.

அடியில் 30 சென்டிமீட்டர் சதுரத்தில் தடித்த பிளைவுட் பலகையை வைத்தால், அழுத்தம் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். தண்டவாளத்தின் கீழ் ஸ்லீப்பர் கட்டைகள் செய்யும் வேலையும் இதுதான். பலகை மெல்லியதாக இருந்தால் வளைந்துவிடும், பயனில்லை.

செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் வேண்டவே வேண்டாம். அவை வளைந்து எச்சரிக்காது, சட்டென்று நொறுங்கும்.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. காருக்கு அடியில் வேலை என்றால், கெட்டியான சமதரையில் தாங்கு ஸ்டாண்டுகள் கட்டாயம். வழியில் டயர் மாற்றும்போது ஸ்டெப்னியைக் காருக்கு அடியில் படுக்க வைத்தால், ஜாக்கி நழுவினாலும் வண்டி அதன்மேல்தான் இறங்கும்.

கோடை வெயிலில் இளகும் தார்ச்சாலையிலும் ஸ்டாண்டின் கால்கள் புதையும். அங்கும் பலகை தேவை.