அளவு குறையாத சோறு, சாதி பார்க்காத கை

அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு மதியச் சத்துணவே ஒரு நாளின் நிறைவான சாப்பாடு. கூலி வேலைக்குச் செல்லும் தலித் குடும்பங்களுக்கு அது பெரிய ஆதரவு.

அந்தச் சோற்றுக்கு அளவு உண்டு. மத்திய அரசின் விதிப்படி தொடக்கப் பள்ளி மாணவருக்கு 450 கலோரி, 12 கிராம் புரதம். 6 முதல் 8-ம் வகுப்பு வரை 700 கலோரி, 20 கிராம் புரதம். இதற்காக ஒருவருக்கு முறையே 20, 30 கிராம் பருப்பும், 50, 75 கிராம் காய்கறியும் சேர்க்க வேண்டும். சாம்பார் தண்ணீராக ஓடினால் குறைவது ருசி மட்டுமல்ல, புரதமும்தான்.

சமைப்பவர் விஷயத்திலும் உத்தரவு உண்டு. சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித், பழங்குடியினருக்கு முன்னுரிமை தர 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆனாலும் 2018-ல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் தடுத்தனர். அதிகாரிகள் அவரையே இடமாற்றினர். எதிர்ப்பு எழுந்த பிறகுதான் அது ரத்தானது. தடுத்தவர்கள் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது.

அடுப்பு அணைந்தால் பட்டினி கிடப்பது எல்லாச் சாதிப் பிள்ளைகளும்தான்.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும்; நம் மக்களுக்கும் அதில் உரிய இடம் உண்டு. கூட்டத்துக்குப் போவோம். பருப்பின் அளவைக் கேட்போம். பந்தியில் பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைத்தால் அதையும் கேட்போம்.