குரல் ஏன் அறுபடுகிறது?

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. நகரத்து அலுவலகங்களில் கணினி முன் வேலை பார்த்தவர்கள் பலர் மடிக்கணினியுடன் சொந்தக் கிராமத்துக்குத் திரும்பினார்கள். அவர்களுள் ஒரு பெண்ணை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். வீட்டைச் சுற்றித் தென்னந்தோப்பு. செல்பேசியில் சிக்னல் கோடுகள் இரண்டு தெரிகின்றன. அலுவலகக் கூட்டத்தில் மற்றவர்கள் பேசுவது அவளுக்கு நன்றாகக் கேட்கிறது. அவள் பேசத் தொடங்கினால் மட்டும், "உங்கள் குரல் விட்டுவிட்டு வருகிறது" என்கிறார்கள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறுகிறாள், அங்கே சரியாகிவிடுகிறது. ஆனால் வெயிலில் குடை பிடித்துக்கொண்டு எத்தனை நாள் வேலை செய்ய முடியும்? கூட்டத்தில் குரல் கேட்காத ஆளை எத்தனை நாள் வேலையில் வைத்திருப்பார்கள்? போதாக்குறைக்கு, "நேற்று இரவு இதே அறையில் சினிமா தடையில்லாமல் ஓடியதே!" என்று தம்பி கேலி செய்கிறான்.

தம்பியின் கேலியிலேயே விடை ஒளிந்திருக்கிறது. சினிமா பார்க்கும்போது செல்பேசி பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கூட்டத்தில் அதுவும் பேச வேண்டும். கோபுரம் ஓர் அலைவரிசையில் 20 முதல் 40 வாட் வரை ஆற்றலுடன் ஒலிபரப்பக்கூடியது. செல்பேசியோ அதிகம் போனால் 0.2 வாட்தான் செலுத்தும். கோயில் ஒலிபெருக்கியின் பாட்டு மூன்று வயல் தாண்டிக் கேட்கும். நீங்கள் இங்கிருந்து போடும் கூச்சல் கோயிலுக்குக் கேட்குமா? கோபுரத்தின் காது மிகக் கூர்மையானது என்பதால்தான் இந்த ஏற்பாடு நடக்கிறது. எல்லைக்கு அருகில் போகும்போது முதலில் மங்குவது நம் குரலே. திரையில் தெரியும் கோடுகள் நாம் கோபுரத்தை எவ்வளவு நன்றாகக் கேட்கிறோம் என்பதை மட்டுமே காட்டுகின்றன. அது நம்மை எவ்வளவு கேட்கிறது என்று சொல்வதில்லை.

சரி, மாடியில் மட்டும் எப்படிக் கிடைத்தது? பூமி உருண்டை அல்லவா? உயரமான இடத்திலிருந்து அடிவானம் எவ்வளவு தூரம் என்று கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 36 மீட்டர் கோபுரத்துக்கு 6 பெருக்கல் 3.57, சுமார் 21 கி.மீ. ஆகவே 6 கி.மீ. தள்ளியிருக்கும் கோபுரத்தைப் பூமியின் வளைவு மறைக்கவில்லை. மறைப்பவை தென்னை மரங்களும் வீட்டுச் சுவர்களும்தாம். இலைகளில் உள்ள நீர் அலையின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்கிறது. தகரக் கூரையோ அலையைத் திருப்பியே அனுப்பிவிடும். மாடியில் ஏறினால் இவற்றுள் பாதி விலகிவிடுகின்றன.

அலையின் நீளத்துக்கும் இதில் பங்கு உண்டு. 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 43 செ.மீ.; 3500 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு 9 செ.மீ.கூட இல்லை. நீண்ட அலை தடைகளை ஓரளவு வளைந்து கடக்கும்; குறுகிய அலைக்கு அவ்வளவு வளையத் தெரியாது. அப்படியானால் கிராமங்களுக்கு நீண்ட அலையே போதுமே என்று கேட்கலாம். அந்தப் பகுதியில் இடம் குறைவு. ஒற்றையடிப் பாதையில் எத்தனை மாட்டுவண்டி போக முடியும்? நகரத்தில் சில நூறு மீட்டருக்கு ஒரு கோபுரம் நின்று சுமையைப் பங்கிட்டுக்கொள்கிறது. இங்கே ஐந்தாறு ஊருக்கு ஒன்று. கட்டணம் செலுத்துவோர் குறைவாக உள்ள இடத்தில் கோபுரம் நட யாரும் முந்துவதில்லை. இது இயற்பியல் அன்று, வியாபாரக் கணக்கு.

இந்தக் கணக்கை ஒரு கண் மருத்துவமனை வேறு விதமாகப் போட்டது. தேனிப் பகுதியில் அரவிந்த் கண் மருத்துவமனை, வெளியூர்களில் சிறு பார்வை மையங்களைத் திறந்தது. கிராமத்து நோயாளி அங்கேயே உட்கார்ந்து, தேனியில் இருக்கும் மருத்துவரிடம் திரை வழியாகப் பேச வேண்டும். அமெரிக்காவின் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000களின் நடுவில் இதற்கு வைஃபையைப் பயன்படுத்தினார்கள். ஓர் அறைக்கென உண்டான வைஃபை பல கிலோமீட்டர் போகுமா? நாலா பக்கமும் சிதறும் ஆற்றலை, திசை காட்டும் ஆன்டெனா ஒரே பக்கம் குவித்தால் போகும். டார்ச் விளக்கின் குழியாடி செய்யும் வேலைதான் இது.

ஆனால் வேடிக்கையான ஒரு சிக்கல் வந்தது. வைஃபை ஒரு தகவல் பொட்டலத்தை அனுப்பியதும் 'வந்து சேர்ந்தது' என்ற ஒப்புகைக்காகக் காத்திருக்கும். எவ்வளவு நேரம்? சில பத்து மைக்ரோ விநாடிகள் மட்டுமே. ரேடியோ அலை ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் செல்கிறது. 15 கி.மீ. தூரம் என்றால் போக 50, வர 50. ஒப்புகை வழியில் இருக்கும்போதே இவர் பொறுமை இழந்து, 'தொலைந்துவிட்டது' என்று மறுபடி அனுப்புவார். பழைய கடிதமும் புதிய கடிதமும் மோதிக் குழப்பம்! ஆய்வாளர்கள் விதியையே மாற்றினார்கள். இரு முனைகளும் முறைவைத்துப் பேசும். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தனி ஒப்புகை கேட்காமல், ஒரு கட்டுக்குச் சேர்த்து ஒன்று வரும். இந்த முறையால் 2007இல் வெனிசுவேலாவின் இரு மலைகளுக்கிடையே 382 கி.மீ. தூரம் வைஃபை எட்டியது.

இவ்வளவு செய்தும் கிராமங்களில் கருவிகளை அதிகம் கெடுத்தது அலை அன்று. திடீரென ஏறி இறங்கும் மின்னழுத்தம்தான். இதைப் படித்தபோது நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டெபிலைசர் உட்கார்ந்திருப்பது என் நினைவுக்கு வந்தது.

செயற்கைக்கோள் இல்லையா என்பீர்கள். ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் கோள் 35,786 கி.மீ. உயரத்தில் உள்ளது. நம் குரல் மேலே போய்க் கீழே வரவே கால் விநாடி ஆகும். பதில் வர இன்னொரு கால் விநாடி. அதற்குள் எதிர்முனையில் இருப்பவரும் பேசத் தொடங்கிவிடுவார். 550 கி.மீ. உயரத்தில் சுற்றும் கோள்களில் இந்தத் தாமதம் அநேகமாக இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் சில நிமிடங்களில் தலைக்கு மேல் கடந்துவிடுவதால், ஆயிரக்கணக்கில் வேண்டியிருக்கிறது.

நம் பெண்ணுக்கு அவ்வளவு தேவையில்லை. கோபுரம் இருக்கும் திசையை நோக்கி மாடியில் ஓர் ஆன்டெனாவைப் பொருத்தி, கம்பி வழியே அறையிலுள்ள மோடத்துடன் இணைத்தால் போதும். இது கேட்கவும் உதவும், பேசவும் உதவும். சந்தையில் கிடைக்கும் 'சிக்னல் பெருக்கி' மட்டும் வேண்டாம். உரிமம் இல்லாமல் அதை வைப்பது இந்தியாவில் சட்டவிரோதம். அது எழுப்பும் இரைச்சலில் கோபுரத்துக்கு அக்கம்பக்கத்தார் எவர் குரலும் கேட்காமல் போகலாம். ஆன்டெனா வந்து சேரும்வரை கேமராவை அணைத்துவிட்டுப் பேசலாம். குரலுக்கு விநாடிக்குச் சில பத்துக் கிலோபிட் போதும். முகத்துக்குத்தான் பல நூறு வேண்டும்.