திறெமேயும் இசைப் பூங்காவும்

ஓர் ஊரின் இசை அவ்வூர் மக்களின் வாழ்வோடு ஒட்டி வளர்வது. அம்மக்களின் வாழ்விடத்தை அழித்தபின் அவ்விசைக்கு நினைவுச்சின்னம் எழுப்புதல் எத்துணைப் பயனுடையது? ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஓர்லீன்ஸ் நகரிலுள்ள லூயி ஆம்ஸ்றோங் பூங்கா இவ்வினாவை எழுப்புகின்றது.

அந்நகரின் பழைய அரண் எல்லைக்கு அப்பால் அமைந்தது திறெமே என்னும் பகுதி. ஆபிரிக்க அடிமைகள் ஞாயிறுதோறும் ஆங்குள்ள வெளியிற் கூடி, முழவொலித்து ஆடிப்பாடினர். 1817ஆம் ஆண்டு நகராட்சி இயற்றிய விதி, நகர முதல்வர் குறிக்கும் இடத்தில் ஞாயிறன்று மட்டுமே அவர்கள் கூடலாமென வரையறுத்தது. கொங்கோச் சதுக்கம் எனப் பெயர்பெற்ற அவ்வெளியிற் பேணப்பட்ட தாளமரபினை, பின்னர்த் தோன்றிய ஜாஸ் இசையின் வேர்களுள் ஒன்றாக அறிஞர் கருதுவர்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கலைநிலையம் அமைக்கும்பொருட்டுத் திறெமேயின் வீடுகள் பல இடிக்கப்பட்டன. அங்கு வாழ்ந்த கறுப்பின மக்கள் இடம்பெயர்ந்தனர். 1960களிற் கிளேபோண் பெருந்தெருவின் ஓக் மரங்களும் நெடுஞ்சாலைக்காக வீழ்த்தப்பட்டன. வீடுகள் இருந்த நிலத்திலே, அந்நகரிற் பிறந்து 1971இல் மறைந்த எக்காளக் கலைஞர் ஆம்ஸ்றோங்கின் பெயரால் 1980இற் பூங்கா திறக்கப்பட்டது. எலிசபெத் கற்லெற் வடித்த அவரது சிலை அங்கு நிற்கின்றது. உள்நாட்டுப் போர்த் தளபதி ஒருவரின் பெயரைத் தாங்கியிருந்த சதுக்கமும் 2011இல் தன் பழம்பெயரைச் சட்டப்படி மீளப்பெற்றது.

பெயர் மீண்டது, வீடுகள் மீண்டில. பூங்கா இசையின் நினைவைப் போற்றும். இசையைப் பயிற்றுவன முற்றமும் தெருவுமே. ஆதலின், ஒரு கலையைப் பேண விழைவோர் அதனைப் பயிலும் மக்களின் குடியிருப்பையே முதற்கண் பேணுதல் வேண்டும்.