ஏணி கொண்டுவந்தால் கூடுதல் பங்கு

சோமாலியக் கடற்கொள்ளையரின் தளவாடங்களில் பாதி, மீனவர் வீட்டு முற்றத்தில் கிடப்பவைதான்: ஃபைபர் படகு, அவுட்போர்டு எஞ்சின், எரிபொருள் கேன்கள். கூடுதலாக வேண்டியவை துப்பாக்கியும், நுனியில் கொக்கி வைத்த நீள ஏணியும். மெதுவாகப் போகிற, மேல்தளம் தாழ்ந்த சரக்குக் கப்பலாகப் பார்த்துப் பின்பக்கமாக நெருங்கி ஏணியை மாட்டுவார்கள். மேலே ஏறிவிட்டால் மாலுமிகள் பணயக்கைதிகள். 2005 முதல் 2012 வரை இப்படி 179 கப்பல்கள் கடத்தப்பட்டன.

1991 ஜனவரியில் சோமாலிய அதிபர் சியாத் பாரேயின் ஆட்சி கவிழ்ந்தபின், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தக் கரைக்குக் காவல் இல்லாமல் போனது. அயல்நாட்டு இழுவைக் கப்பல்கள் வந்து மீனை அள்ளின; உள்ளூர்க்காரர்களின் வலைகள் அறுபட்டன. 2004 சுனாமிக்குப் பின் நச்சுக் கழிவுக் கலன்கள் கரை ஒதுங்கியதை ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் அறிக்கை குறிப்பிட்டது. மீனவர்கள் ஆயுதத்தோடு போய் அயல்கப்பல்களை மறித்து ‘அபராதம்’ வாங்கினார்கள்; கடலோரக் காவல்படை என்று தங்களுக்குப் பெயரும் வைத்துக்கொண்டார்கள்.

அந்த நியாயம் வெகுகாலம் தாங்கவில்லை. 2005 ஜூனில் அவர்கள் பிடித்த ‘செம்லோ’ கப்பலில் இருந்தது, சோமாலியாவில் சுனாமியால் பாதிக்கப்பட்டவர்களுக்கே போய்க்கொண்டிருந்த ஐ.நா. அரிசி! வயிற்றுப்பாட்டில் தொடங்கியது அதற்குள் முதல் போட்டு லாபம் பார்க்கும் தொழிலாகிவிட்டது. உலக வங்கியும் இன்டர்போலும் ஐ.நா. போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகமும் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2005 முதல் 2012 வரை கைமாறிய பணயத்தொகை 33.9 கோடி முதல் 41.3 கோடி டாலர். அதில் பெரும்பங்கு கரையில் உட்கார்ந்து முதல் போட்டவருக்கு. உயிரைப் பணயம் வைத்து ஏறியவனுக்கு ஒரு கப்பலுக்கு 30,000 முதல் 75,000 டாலர். முதலில் ஏறியவனுக்கும், சொந்த ஏணி கொண்டுவந்தவனுக்கும் கொஞ்சம் கூடுதல். அவன் மென்ற ‘காட்’ என்ற போதை இலையின் கடனையும் அந்தப் பங்கிலேயே கழித்துக்கொள்வார்கள்.

2008 முதல் ஐரோப்பிய ஒன்றியம், நேட்டோ, இந்தியா, சீனா எனப் பல நாட்டுப் போர்க்கப்பல்கள் ஏடன் வளைகுடாவுக்கு வந்தன. வணிகக் கப்பல்கள் பக்கவாட்டில் முள்கம்பிச் சுருள் கட்டின. மாலுமிகள் பூட்டிக்கொண்டு பதுங்க உள்ளே ஓர் அறையை அமைத்தன. பாய்லர் சூட் மாட்டிய வைக்கோல் பொம்மைகளைக்கூட மேல்தளத்தில் காவலுக்கு நிறுத்தினார்கள் – சோளக்கொல்லை உத்திதான். எல்லாவற்றையும்விடப் பலித்தது ஆயுதக் காவலர்களை ஏற்றியது. 2012க்குப் பிறகு கடத்தல்கள் சட்டென்று குறைந்தன.

ஆனால் கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்த்தால் மீன்பிடிப் படகும் கொள்ளைப் படகும் ஒன்றுபோலவே தெரியும். 2012 பிப்ரவரியில் கேரளக் கடற்பகுதியில் ‘என்ரிக்கா லெக்சி’ என்ற இத்தாலியக் கப்பலின் காவல் வீரர்கள் சுட்டதில் ‘செயின்ட் ஆண்டனி’ படகில் இருந்த மீனவர் இருவர் இறந்தனர். ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். ரூ.10 கோடி இழப்பீட்டுடன் அந்த வழக்கை உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது 2021இல்தான்.

காவல் தளர்ந்ததும் கொள்ளை திரும்பியது. 2023 இறுதியில் யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர்களின் தாக்குதலால் போர்க்கப்பல்களின் கவனம் செங்கடலுக்குப் போக, அந்த டிசம்பரில் ‘ரூயன்’ என்ற சரக்குக் கப்பல் கடத்தப்பட்டது. மூன்று மாதம் கழித்து இந்தியாவின் ‘ஐ.என்.எஸ். கொல்கத்தா’ அதை மடக்கியது. 17 மாலுமிகள் மீண்டனர், 35 கொள்ளையர் சரணடைந்து மும்பைக்குக் கொண்டுவரப்பட்டனர். 2022ஆம் ஆண்டின் கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டம் கையில் இருந்ததால் விசாரிப்பதில் சிக்கல் இல்லை. அதற்கு முன்பெல்லாம் பிடித்தவர்களை எந்த நாட்டு நீதிமன்றத்தில் நிறுத்துவது என்று தெரியாமல், பல கடற்படைகள் ஆயுதத்தைப் பறித்துக்கொண்டு கரைக்கே திருப்பி அனுப்பியதுண்டு.

கரையில் நடந்த வேலை இதில் பாதிகூட இல்லை. கொள்ளைப் பணத்தோடு விலைவாசியும் மதுவும் ஏறியதைக் கண்டு, எய்ல் போன்ற சோமாலியக் கடலோர ஊர்களில் பெரியவர்களும் மதகுருமார்களும் கொள்ளையரை எதிர்த்தார்கள். சோமாலியாவின் தன்னாட்சிப் பகுதியான புன்ட்லாந்து தனக்கென்று கடல் காவல்படை அமைத்தது. 2014இல் வந்த சோமாலிய மீன்வளச் சட்டம் இழுவை மடியைத் தடைசெய்து, கரையிலிருந்து 24 கடல் மைலை உள்ளூர் மீனவர்களுக்கே ஒதுக்கியது. ஆனால் அத்துமீறும் கப்பலைத் துரத்தப் போதிய ரோந்துப் படகுகள் இல்லை. பல மீனவ ஊர்களில் ஐஸ் கிடைப்பதும் அரிது. சந்தைக்குப் போய்ச்சேரும் முன்பே மீன் நாறிவிடுகிறது.